குருத் துரோகம் என்று எழுதுமுன்: குத்துச்சண்டைக் கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் குத்துச்சண்டைக் கதைகளை எழுதும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் உங்களில் ஒருவருடைய உதவி இயக்குநர் ராயபுரத்தில் என் வீட்டுக்கு வந்து, ஒரு திரைக்கதைப் பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆட்டம் தொடர்பான பிழைகள் இருந்தால் குறித்துத் தர வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். இடக்கைக்காரன் எந்தக் காலை முன்வைத்து நிற்பான், சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே எவ்வளவு நேரம், பல்லுறையைக் கழற்றிக் கழுவுவது யார், அமெச்சூர் சண்டையில் சுற்று நடக்கும்போது கார்னரில், அதாவது வீரனின் மூலையில், இருக்கும் பயிற்சியாளர் கத்தலாமா கூடாதா என்றெல்லாம் சிவப்பு மையில் குறித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் குறிக்கவில்லை. அது பக்கத்தின் ஓரத்தில் எழுதிவிடக்கூடிய பிழையாக இல்லாததால் இந்த மடலை எழுதுகிறேன். பிரதியின் பெயரையோ எழுதியவரின் பெயரையோ இங்கே சொல்லப் போவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை, ஏனெனில் அந்தக் கதையில் வரும் பையனை நான் இதற்கு முன்பே வெவ்வேறு பெயர்களில் பலமுறை சந்தித்திருக்கிறேன்.

பையனுக்குத் தகப்பன் இல்லை. காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறான். தெருச்சண்டையில் அவன் கை வேகத்தைப் பார்த்த வாத்தியார் அவனை அழைத்துப்போய், சோறு போட்டு, கயிறு குதிக்க வைத்து, மணல் மூட்டையின் முன் நிறுத்தி ஆளாக்குகிறார். இடைவேளைக்குச் சற்று முன்னால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பெரிய காரில் வந்து இறங்குகிறார். பையன் அந்தக் காரில் ஏறிவிடுகிறான். பிற்பாதி முழுவதும் குடித்துக் கெட்டு, கடைசிச் சண்டையில் வாத்தியாரின் புதிய சீடனிடம் அடி வாங்கி விழுந்து, எழுந்ததும் நேராக வாத்தியார் காலில் விழுகிறான். அந்தக் கார்க்காரருக்கு அமெரிக்காவில் மூதாதை ஒருவர் உண்டு: 1990இல் வெளிவந்த 'ராக்கி 5' படத்தில், ஓய்வுபெற்ற சாம்பியன் வளர்த்த இளைஞனை, சண்டைகளை ஏற்பாடு செய்யும் ஒரு புரமோட்டர் பணத்தையும் பெண்ணையும் காட்டி இழுத்துக்கொண்டு போவார். அந்த இளைஞனாக நடித்த டாமி மாரிசன் நிஜமாகவே குத்துச்சண்டை வீரர் என்பதும், மூன்று ஆண்டுகள் கழித்து 1993இல் முன்னாள் உலக சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனைப் புள்ளிகளில் வென்றார் என்பதும் படத்தைப் பார்த்தவர்கள் பலருக்குத் தெரியாது.

பையன் வாத்தியாரை விட்டுப் போவதைக் காட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஆட்டத்தில் அது நடக்காத தெருவே கிடையாது. போனதற்கான காரணத்தை ஒரு காருக்குள் வைத்து மூடிவிட்டு, போனது சரியா தவறா என்ற வழக்கைக் கடைசிச் சுற்றின் முடிவிடம் ஒப்படைத்துவிடுகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். தோற்றவன் துரோகி, வென்றவர் பக்கம் தர்மம் என்று ஆகிவிட்ட பிறகு, அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உண்மையில் என்ன பாக்கி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

துரோகம் என்ற சொல்லின் சூடு எங்கிருந்து வந்தது என்பதை நான் அறியாதவன் அல்லன். வட சென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து, 'ரோஷமான குத்துச்சண்டை' என்று சுவரொட்டி அடித்து மோதிக்கொண்ட காலத்தில், வாத்தியாரை மாற்றுவது என்பது பள்ளிக்கூடம் மாறுவது போன்றதன்று, வீட்டை விட்டு ஓடுவது போன்றது. அந்த ரோஷத்தின் மிச்சம் இன்றைக்கும் எங்கள் பேச்சில் இருக்கிறது. ஆனால் ரிங்குக்குள் நடந்தவற்றைப் பதிவுகளிலிருந்து எடுத்துப் பார்த்தால், அது நீங்கள் எழுதுகிற தீர்ப்பை வழங்குவதே இல்லை.

1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பதினெட்டு வயது கேஷியஸ் கிளே, பின்னாளின் முகமது அலி, தொழில்முறை ஆட்டம் கற்றுக்கொள்ள ஆர்ச்சி மூரிடம் போனார். மூர் அப்போது லைட் ஹெவிவெயிட் எடைப்பிரிவின் சாம்பியன். சான் டியேகோவுக்கு வெளியே மலைப்பக்கத்தில் அவருக்கு ஒரு பயிற்சி முகாம் இருந்தது. அங்கே தங்கும் பையன்கள் பாத்திரம் கழுவ வேண்டும், தரை கூட்ட வேண்டும் என்பது மூர் வைத்திருந்த ஒழுங்கு. கிளேவுக்கு அது பிடிக்கவில்லை. சில வாரங்களில் ஊருக்குத் திரும்பி, மயாமியில் இருந்த பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீயிடம் போய்ச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1962 நவம்பர் 15 அன்று லாஸ் ஏஞ்சலஸில் அதே மூரை எதிர்த்து ரிங்கில் ஏறினார். மூருக்கு அப்போது வயது நாற்பத்தைந்தா நாற்பத்தெட்டா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. பிறந்த ஆண்டு 1916 என்று அவரும் 1913 என்று அவருடைய தாயாரும் சொல்லிவந்தார்கள். நான்காம் சுற்றில் வீழ்த்துவேன் என்று கிளே முன்கூட்டியே அறிவித்திருந்தார். நான்காம் சுற்றிலேயே வீழ்த்தினார். உங்கள் கணக்குப்படி இங்கே துரோகி வென்றுவிட்டான். அப்படியானால் பாத்திரம் கழுவச் சொன்னதுதான் குற்றமா? அதுவும் இல்லை. ஒருவர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் கற்பிக்க முயன்றார், மற்றவருக்கு அந்த வழி ஒத்துவரவில்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு வேறு. பிடித்த என்று சொல்வதுகூடச் சரியில்லை. பல இரவுகள் யோசித்த வழக்கு.

கஸ் டமாட்டோ என்ற நியூயார்க் பயிற்சியாளரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். சீர்திருத்தப் பள்ளியில் இருந்துவந்த ஃப்ளாய்ட் பேட்டர்சன் என்ற சிறுவனை வளர்த்து, 1956இல் இருபத்தொரு வயதில் ஹெவிவெயிட் சாம்பியனாக்கியவர். அன்று பேட்டர்சன் வீழ்த்தியதும் மேலே சொன்ன அதே ஆர்ச்சி மூரைத்தான். சன்னி லிஸ்டன் என்ற வீரரோடு மோத வேண்டாம் என்று டமாட்டோ எவ்வளவோ தடுத்தும் பேட்டர்சன் கேட்கவில்லை. 1962 செப்டம்பரில் சிகாகோவில் முதல் சுற்றிலேயே பட்டத்தை இழந்தார். இருவருக்கும் இடையிலான உறவும் அந்த ஆண்டுகளில் நைந்துபோயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, கேட்ஸ்கில் என்ற சிற்றூரில் ஒதுங்கியிருந்த அதே டமாட்டோவிடம் இன்னொரு சிறுவன் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வந்தான். அவன்தான் மைக் டைசன். 1982இல் தாயார் இறந்த பிறகு டமாட்டோவே அவனுக்குச் சட்டப்படியான பாதுகாவலர் ஆனார். ஒரு முறை கைவிடப்பட்ட வாத்தியார் இரண்டாவது பையனைத் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்ததில் பாசமும் இருந்திருக்கும், அச்சமும் இருந்திருக்கும். இதை நான் ஊகமாகத்தான் சொல்கிறேன். உங்கள் வாத்தியார் பாத்திரங்களில் இந்த அச்சம் எங்குமே காணப்படுவதில்லை என்பதால் சொல்கிறேன்.

டமாட்டோவுக்கு வயதாகிவிட்டதால், அன்றாடப் பயிற்சியைத் தம்முடைய பழைய மாணவர் கெவின் ரூனியிடம் ஒப்படைத்தார். 1982இல் இருவருக்கும் ஒரு வாய்ப்பேச்சு ஒப்பந்தம் நடந்தது: பையன் அமெச்சூராக இருக்கும்வரை ரூனி சம்பளம் வாங்காமல் பயிற்சி தர வேண்டும், அவன் தொழில்முறைக்கு வந்ததும், அவன் தொழில்முறையில் ஆடும் காலம் முழுவதும் ரூனிதான் பயிற்சியாளர், வருமானத்தில் பத்து சதவீதம் அவருக்கு. காகிதத்தில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. இருபத்தெட்டு மாதங்கள் ரூனி காசு வாங்காமல் உழைத்தார். 1985 மார்ச்சில் டைசன் தொழில்முறையில் இறங்கினார். அதே ஆண்டு நவம்பரில் டமாட்டோ இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி, இருபது வயதில் டைசன் சாம்பியன் ஆனார். பேச்சின்படி பத்து சதவீதமும் வந்துகொண்டிருந்தது. 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடிகளில் முடித்த சண்டைதான் ரூனி கார்னரில் நின்ற கடைசிச் சண்டை. அந்த ஆண்டின் இறுதிக்குள் அவர் நீக்கப்பட்டார். நீக்கப்பட்ட செய்தி அவருக்கு எப்படித் தெரியவந்தது என்றால், செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார்.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீங்கள் பத்து நிமிடக் காட்சி எழுதலாம். வெள்ளைச் சட்டைக்காரரும் கதையில் இருந்தார்தான். டான் கிங் என்ற புரமோட்டர் அந்த நாட்களில் டைசனை நெருங்கிக்கொண்டிருந்தார். டைசனின் விவாகரத்து குறித்தும் வியாபார வழக்குகள் குறித்தும் ரூனி வெளியில் பேசினார் என்பது டைசன் தரப்பின் மனத்தாங்கல். இருபத்திரண்டு வயதுப் பையன், வளர்த்தவர் இறந்துவிட்டார், மேலாளர் ஜிம் ஜேகப்ஸும் அந்த ஆண்டு மார்ச்சில் இறந்துவிட்டார், தன்னைச் சுற்றியிருக்கும் ஒவ்வொருவரும் தன் வருமானத்தில் ஒரு பங்குக்கு உரியவர்கள். அவன் யாரை நம்பியிருக்க வேண்டும் என்று நீங்களும் நானும் இன்றைக்குச் சொல்வது எளிது.

ரூனி வழக்குப் போட்டார். 'ஆடும் காலம் முழுவதும்' என்பது ஒரு காலவரையறையா, இல்லை எவ்வளவு காலம் என்றே சொல்லாத வெற்றுப்பேச்சா என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. காலவரையறை இல்லையென்றால் எவரும் எவரையும் எப்போது வேண்டுமானாலும் விலக்கலாம் என்பது நியூயார்க் சட்டம். ஜூரி எனப்படும் நீதிமன்ற நடுவர் குழு ரூனிக்கு ஏறத்தாழ 44 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. நீதிபதி அதை ரத்து செய்தார். மேல்முறையீட்டில் விஷயம் நியூயார்க் மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. ஒரு குத்துச்சண்டை வீரனின் தொழில் வாழ்வு எந்த நாளில் முடியும் என்று சொல்ல முடியாவிட்டாலும், அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கின்றன, ஆகவே அது காலவரையறைதான் என்று 1998இல் அந்த நீதிமன்றம் சொன்னது. வாத்தியாருக்கும் சீடனுக்கும் இடையே எழுதப்படாமல் இருந்த ஒன்றை, பாசம் நன்றி என்ற சொற்களைத் தொடாமல், இவ்வளவு பொறுமையாக யாரேனும் அளந்து பார்த்திருக்கிறார்களா என்று நான் வியந்ததுண்டு.

நீங்கள் டோக்கியோவை எடுத்துக்காட்டுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். 1990 பிப்ரவரி 11, பஸ்டர் டக்ளஸிடம் பத்தாம் சுற்றில் டைசன் விழுந்த நாள். வாத்தியாரை விட்டவனுக்குக் கிடைத்த தண்டனை என்று அதைச் சொல்லாதவர்கள் குறைவு. அந்தச் சண்டையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கடைசிக் குத்தை அல்ல, கார்னரை. டைசனின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டு வருகிறது. வீக்கத்தை அழுத்திக் கரைக்க, பனிக்கட்டியில் போட்டுக் குளிரவைத்த சிறிய இரும்புத் துண்டு ஒன்று எந்தக் கார்னரிலும் இருக்கும். என் பையிலேயே இரண்டு வைத்திருக்கிறேன். அன்று அவர்களிடம் அது இல்லை. ரப்பர் கையுறை ஒன்றில் ஐஸ் தண்ணீரை நிரப்பிக் கண்மேல் வைக்கிறார்கள். கோடிக்கணக்கான டாலர் புரளும் சண்டையில் ஒரு தண்ணீர்ப் பை! தண்டனை என்று நீங்கள் எழுதுவதை நான், கார்னரில் யார் நிற்கிறார்கள் என்பதன் விலை என்று எழுதுவேன். ரூனி நின்றிருந்தாலும் டக்ளஸ் வென்றிருக்கக்கூடும். அவருடைய தாயார் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவர் அன்று ஆடிய ஆட்டம் அப்படி. ஆனால் இரும்புத் துண்டு இருந்திருக்கும்.

எதிர்த்துப் போன பையன் தவறு செய்ததற்கும் சான்று வேண்டுமென்றால் இருக்கிறது. எட்டி ஃபட்ச் என்ற மூத்த பயிற்சியாளர் தம்மிடம் ஆடிய ஃப்ரெடி ரோச் என்ற இளைஞரைக் கூப்பிட்டு, உன் உடம்பு தளர்கிறது, ஆட்டத்தை விட்டுவிடு என்றார். ரோச் மறுத்து, தம் தந்தையைக் கார்னரில் நிறுத்திக்கொண்டு மேலும் சில சண்டைகள் ஆடினார், பெரும்பாலும் தோற்றார். பிற்காலத்தில் அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. ஆனால் அவர் திரும்பி வந்தபோது ஃபட்ச் அவரைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அங்கே கற்றதை வைத்துத்தான் ரோச் பின்னாளில் உலக சாம்பியன் மேனி பாக்கியாவோவின் பயிற்சியாளர் ஆனார். இதே ஃபட்ச்தான் 1975இல் மணிலாவில், அலியோடு நடந்த சண்டையில் பதினான்கு சுற்று முடிந்த நிலையில், கண் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்த ஜோ ஃப்ரேஸியர் எவ்வளவு மறுத்தும் கேளாமல் சண்டையை நிறுத்தியவர். போதும் என்று சொல்லத் தெரிந்த வாத்தியாரை எதிர்ப்பது வேறு, தன் பங்கை விடத் தெரியாத வாத்தியாரை எதிர்ப்பது வேறு. உங்கள் கதைகளில் இருவரும் ஒரே ஆளாக, நரைத்த மீசையோடு வருகிறார்கள்.

லாரி ஹோம்ஸையும் சொல்லிவிடுகிறேன். அலியிடம் பயிற்சித் துணையாக அடி வாங்கி வளர்ந்தவர் 1980 அக்டோபரில் லாஸ் வேகாஸில் அதே அலியைப் பத்துச் சுற்றுகள் அடித்தார். நிறுத்துங்கள் என்று நடுவரைப் பார்த்துக் கையசைத்தார். வென்றபின் அழுதார்.

பணம் இருக்கிற ஊர் என்பதால் அமெரிக்காவில் இவற்றுக்குச் சட்டம் வந்தது. புரமோட்டர்கள் வீரனை நீண்ட காலம் கட்டிப்போடுவதைத் தடுக்கவும், மேலாளரும் புரமோட்டரும் ஒரே கையாக இருப்பதைத் தடுக்கவும் 2000ஆம் ஆண்டில் முகமது அலி பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றினார்கள். நம் ஊரில் பங்கு போடப் பணமே கிடையாது. இங்கே பெரும்பாலான ஆட்டம் அமெச்சூர். பையனை இழுப்பது காரும் பங்களாவும் அல்ல, விளையாட்டு விடுதியில் ஒரு கட்டிலும், ரயில்வேயிலோ ராணுவத்திலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலையும்தான். அந்த வேலை கிடைத்தால் ஒரு குடும்பமே கரையேறும். இதை விட்டுவிட்டு நீங்கள் ஏன் காரை எழுதுகிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. (பயிற்சியாளர்களுக்கு நாடு தரும் உயரிய விருதுக்குத் துரோணர் பெயரை வைத்திருக்கிறோம். கற்பிக்காத பையனிடம் கட்டைவிரலை வாங்கியவர் அவர். கற்பித்த பையனோ போர்க்களத்தில் எதிரணியில் நின்றான். பெயர் சூட்டியவர்கள் இதையெல்லாம் யோசித்தார்களா என்று தெரியவில்லை, ஆனால் எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.)

என் கதையைச் சொல்லாமல் இவ்வளவும் எழுதுவது நேர்மையாகாது. நானும் வாத்தியாரை விட்டுப் போனவன்தான்.

என் வாத்தியார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பதினான்கு வயதில் அவரிடம் போனேன். மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்து வருவார். கைகழுவிவிட்டு எங்கள் ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே பேண்டேஜ் சுற்றுவார். கட்டைவிரலில் கண்ணியை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் மொளியில் மூன்று சுற்று, பிறகு விரல்களின் இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக இழுத்து, மறுபடி மணிக்கட்டுக்கு வந்து முடிப்பார். முடித்ததும் முஷ்டியை மடக்கச் சொல்லித் தம் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டச் சொல்வார். இறுக்கம் சரியா என்று அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். காசு வாங்கியதில்லை. அவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் பிரித்துப் பார்த்தேன். தேதி, பெயர், 'முட்டை 2, பழம் 1', 'பேண்டேஜ் ஒரு ஜோடி', 'பஸ்ஸுக்கு' என்று வரிசையாக எழுதியிருந்தார். என் பெயரில் மட்டும் பல பக்கங்கள். கூட்டித் தொகை போடவில்லை. எங்களில் யாரிடமும் அவர் ஒரு பைசா கேட்டதுமில்லை. ஆனால் அந்த நோட்டைப் பார்த்த நாளிலிருந்து அவர் வாங்கிக்கொடுத்த முட்டை எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

பத்தொன்பது வயதில் வெளியூர் விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. மூன்று வேளைச் சோறு, கட்டில், வேலைக்கு வழி. வாத்தியாரிடம் சொன்னபோது பேண்டேஜைச் சுருட்டிக்கொண்டே, "போடா, போ. வேணாம்னா சொல்லப் போறேன்" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று ரயிலடிக்கு எல்லாப் பையன்களும் வந்தார்கள், அவர் வரவில்லை. நானும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வரவில்லை. என்ன பாக்கி என்று நான் கேட்டிருக்கலாம். நோட்டை எடுத்து என் முன்னால் போட்டு, இவ்வளவு என்று அவர் சொல்லியிருக்கலாம். ரூனிக்குப் பத்து சதவீதம் என்று வாய்விட்டுச் சொல்லப்பட்டிருந்ததால் ஒரு நீதிமன்றம் அதை அளக்க முடிந்தது. எங்களுக்குள் எதுவுமே சொல்லப்படாததால், தெருவில் அதற்குத் துரோகம் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு ஒரு போட்டிக்குப் படிவம் நிரப்பினேன். 'பயிற்சியாளர் பெயர்' என்று ஒரே ஒரு வரி. விடுதிப் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பேனாவைக் கொடுத்தார். அவருடைய பெயரை எழுதினேன். அவர் எனக்குக் கற்பித்தது எட்டு மாதம். இதற்கு யார் பொய் சொன்னதாக எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வரி ஒன்றுதான் இருந்தது.

குலுக்கலில் என் பழைய குத்துச்சண்டைக் கழகத்துப் பையனே எதிரே வந்தான். சிவப்பு மூலையில் நான். நீல மூலையில் ஸ்டூலுக்குப் பின்னால் தோளில் துண்டோடு வாத்தியார். கையை வளைத்து அடிக்கும் இடது ஹூக் போட்டபின் என் வலது கை தாடையை விட்டு இறங்கிவிடும். ஐந்து வருடம் அவர் திட்டித் திருத்த முயன்றும் முழுதாகப் போகாத பழக்கம் அது. முதல் சுற்று முடிந்த ஒரு நிமிட இடைவேளையில் என் கார்னர்க்காரர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. எதிர்மூலையில் அவர் குனிந்து பையனின் காதில் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கிறார் என்று அந்த ஒரு நிமிடம் முழுவதும் எனக்குள் எரிந்தது. தம் கார்னரில் நிற்கும் பையனுக்குத் தாம் செய்ய வேண்டியதைத்தான் செய்கிறார் என்பது புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று, நானே ஒரு கார்னரில் நின்ற பிறகுதான் புரிந்தது. இரண்டாம் சுற்றில் சரியாக அந்த இடத்தில் இரண்டு முறை அடி விழுந்தது. ஆனாலும் புள்ளிகளில் நான் வென்றேன்.

அமெச்சூர் ஆட்டத்தில் ஒரு மரபு உண்டு. முடிவு அறிவித்ததும், வென்றவனும் தோற்றவனும் அவரவர் எதிர்மூலைக்கு நடந்துபோய், அங்கே நிற்கும் பயிற்சியாளருக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். ரிங்கின் ஒரு பக்கம் ஆறு மீட்டர்; மூலைக்கு மூலை அதைவிட நீளம். நடந்தேன். கையுறையோடு இரண்டு கையையும் நீட்டினேன். வாத்தியார் கயிற்றுக்கு அப்பாலிருந்து அவற்றைப் பிடித்து, பேண்டேஜின் இறுக்கத்தைப் பார்க்கிறவர் போல ஒருமுறை அழுத்தினார்.

"வலது கை இன்னும் இறங்குதுடா" என்றார்.

உங்கள் பிரதியில் கடைசிச் சண்டை முடிந்ததும் பையன் நேரே காலில் விழுகிறான். எதிர்மூலைக்கு நடந்துபோகும் அந்தத் தூரம் எழுதப்படவில்லை. அது ஆட்டத்தின் மரபுப்படி இருந்தே தீர வேண்டியது என்பதால், விவரப்பிழை என்ற கணக்கிலேயே அதையும் இப்போது சிவப்பு மையில் குறித்துக்கொள்ளும்படி அந்த உதவி இயக்குநரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ராயபுரத்தில் கார்னர் பார்க்கும் ஒரு பழைய ஆட்டக்காரன்